ஒயிட் கேஸில் மாதிரி குட்டி பர்கர் வீட்டில் வருமா?

மழையூரான்:
நியூஜெர்சியில் இருந்தவரை ஒயிட் கேஸில் பர்கர் கடை பக்கத்திலேயே இருந்ததால் அருமை தெரியவில்லை. இப்போது சியாட்டில் பக்கம் குடிவந்தாயிற்று, இந்தப் பக்கம் கிளையே கிடையாது. மளிகைக் கடையில் உறையவைத்த பெட்டி கிடைக்கிறது, ஆனால் மைக்ரோவேவில் சூடாக்கினால் பன்னின் ஓரம் ரப்பர், நடுவில் சொதசொத. வீட்டிலேயே செய்யலாம் என்று தேடினால் எல்லோரும் கறியைச் சின்ன வட்டமாகத் தட்டி, கல்லில் முறுக விட்டு, மேலே ஒரு சீஸ் போட்டு ஸ்லைடர் என்கிறார்கள். சாப்பிட நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பெரிய பர்கரின் குட்டி, அவ்வளவுதான். அந்தச் சதுரக் கறி, பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வெங்காய வாசனை, இரண்டு விரலுக்குள் அமுங்கிப்போகும் பன், இதெல்லாம் எப்படி வரவழைப்பது? செய்து பார்த்தவர்கள் யாராவது முழுதாக எழுதுங்கள். ஆனியன் சூப் பாக்கெட்டைத் தூவி ஓவனில் வைக்கும் குறிப்பு மட்டும் வேண்டாம், பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

சும்மா_வாசகி:
துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறேன். எனக்கும் வேண்டும்.

கொலம்பஸ்_கொத்தனார்:
ஒயிட் கேஸிலின் தலைமையகம் இருக்கும் கொலம்பஸிலிருந்து எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த பர்கரில் கறி கல்லைத் தொடுவதே இல்லை. கல்லில் முதலில் வெங்காயமும் தண்ணீரும், அதன்மேல் கறி, கறியின்மேல் பன்னின் இரண்டு பாதியும். கீழே கிளம்பும் ஆவி வெங்காய வாசனையைச் சுமந்துகொண்டு கறி வழியாக ஏறிப் பன்னுக்குள் போய்ச் சேருகிறது. கறியில் ஐந்து ஓட்டை போடுவது இதற்குத்தான். அது 1950களில் வந்த ஏற்பாடு, சின்சினாட்டியில் கடை நடத்தியவர் சொன்ன யோசனை என்பார்கள். ஓட்டை வழியாக ஆவி ஏறிவிடுவதால் திருப்பிப் போடும் வேலையே மிச்சம். நீங்கள் பார்த்த வீடியோக்காரர்கள் எல்லோரும் கறியைக் கல்லில் நேராகப் போடுகிறார்கள். அந்த இடத்திலேயே வேறு பண்டமாகிவிடுகிறது.

வீட்டில் செய்யும் விதம் இது. 20 சதவீதம் கொழுப்புள்ள மாட்டுக் கொத்துக்கறி 340 கிராம். அதற்கு மேல் வேண்டாம், இது 12 பர்கருக்கு. 9க்கு 13 அங்குல ட்ரேயில் பட்டர் பேப்பர் விரித்துக் கறியைப் பரப்பி, மேலே இன்னொரு தாள் போட்டு, ஒரு தம்ளரைப் படுக்கவைத்து உருட்டி மூலைவரை சமமாகத் தள்ளுங்கள். கனம் அரை சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வரும், இது போதுமா என்று பயம் வரும், போதும். மேல்தாளை எடுத்துவிட்டுக் கத்தியின் முதுகால் நீளத்தில் நான்கு, அகலத்தில் மூன்று என்று கட்டம் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்ட்ராவால் ஐந்து ஓட்டை குத்தி ஃப்ரீசரில் வையுங்கள். நன்றாக உறைந்தபின் கோட்டோடு கோடாகக் கையாலேயே உடைக்கலாம். ஒவ்வொரு வில்லையும் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் சுமாருக்கு இருக்கும். கடைக்காரன் அளவும் ஏறக்குறைய அதுதான்.

வெங்காயம் உலர்ந்த செதில். அரை கப் செதிலுக்கு ஒரு கப் சுடுதண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். அகலமான இரும்புக் கல் அல்லது அடி கனமான தட்டை வாணலியை மிதமான தீயில் வைத்து, ஊறிய வெங்காயத்தைத் தண்ணீரோடு பரப்பி, ஓரத்தில் குமிழி வர ஆரம்பித்ததும் உறைந்த வில்லைகளை அப்படியே அடுக்குங்கள். உப்பு, மிளகுத்தூள் இப்போது, கறியின் மேலே. உடனே பன்களை ஏற்றிவிட்டு மூடுங்கள். கடையில் மூடி கிடையாது, நெருக்கி அடுக்கிய பன்களே மூடி. வீட்டு வாணலியில் இடைவெளி வருவதால் மூடி வேண்டும். ஆனால் மூடியில் சேரும் தண்ணீர் பன்மேல் சொட்டினால் கதை முடிந்தது, ஆகவே மூடிக்கு ஒரு துணி கட்டுங்கள், துணியின் நுனிகளை மேலே முடிச்சுப் போட்டு, நெருப்பில் தொங்காமல். ஐந்து நிமிடத்தில் கறி முழுக்க நிறம் மாறியிருக்கும், இல்லையென்றால் இன்னொரு நிமிடம். தோசைக்கரண்டியை வெங்காயத்துக்கு அடியில் கொடுத்து மொத்தமாக எடுத்து, ஒரு துண்டு வெள்ளரி பிக்கிள் வைத்து மூடினால் முடிந்தது.

ஜெர்சி_அக்கா:
கொத்தனார் தம்பி சொன்னது சுத்தமான முறை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கறி கல்லைத் தொடாமல் எதற்கு ஒரு பர்கர் என்பது என் கட்சி. மழையூரான், நீங்கள் நியூஜெர்சியில் இருந்துகொண்டு ஹாக்கென்சாக்கில் இருக்கும் ஒயிட் மானா போனதில்லையா? 1946லிருந்து இருக்கும் கடை, உள்ளே நுழைந்தால் ஒரு சின்ன வளைந்த மேடை, சுற்றிச் சில ஸ்டூல், நடுவில் கல், நம் கண்ணெதிரே சுடுவார்கள். அங்கே வில்லை கிடையாது, சின்னக் கறி உருண்டைதான். உருண்டையைக் கல்லில் போட்டு, மேலே கை நிறைய மெல்லிய வெங்காயத்தை வைத்துக் கரண்டியால் ஓங்கி அழுத்துவார்கள், வெங்காயம் கறிக்குள் பதிந்துவிடும். அப்புறம் திருப்பி, சீஸ், அதன்மேல் உருளைக்கிழங்கு பன். பன் அங்கேயே உட்கார்ந்து வெங்காய ஆவியில் வேகும்.

வீட்டில் நான் செய்வது 45 கிராம் உருண்டை. வெங்காயத்தை நறுக்கும்போது எதிர்வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியவேண்டும், அவ்வளவு மெல்லிசு. வெட்டியதும் கொஞ்சம் உப்புப் பிசறி ஐந்து நிமிடம் வைத்துப் பிழிந்தால் தண்ணீர் விடாமல் கறியோடு ஒட்டும். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அழுத்தினால் ஒரே அழுத்து, முதல் அரை நிமிடத்துக்குள். அதற்குப் பிறகு அழுத்தினால் கொழுப்பெல்லாம் வெளியே வந்துவிடும். திருப்பியபின் தீயைக் குறைத்து, பன்னை ஏற்றி, ஓரமாக ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மூடி ஒரே நிமிடம். வெங்காயத்தின் ஓரம் கறுப்புக்கட்டி, நடு இனிப்பாக, கறியில் முறுவல், பன் பஞ்சு. சும்மா ஆவியில் வெந்த கறியை விட இது எங்கேயோ போய்விடும்.

அடுப்படி_அறிவியல்:
அக்கா, உங்கள் கட்சிக்கு ஓட்டுப் போடும் முன் கொத்தனார் பக்கத்து நியாயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் இருக்கும்வரை கல்லின்மேல் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி சிவந்து முறுகி வாசனை கட்டுவதற்கு 140 டிகிரி பக்கம் வேண்டும். ஆகவே ஒயிட் கேஸில் வகையில் முறுவலுக்கு வழியே இல்லை, வேண்டாம் என்றுதான் அந்த ஏற்பாடே. ருசி முழுக்க வெங்காயத்திடம். கறி அந்த வெங்காயச் சாற்றையும் தன் கொழுப்பையும் கலந்து பன்னுக்கு அனுப்பும் இடைத்தரகர், அவ்வளவுதான். முறுவல் சேர்ந்தால் அது முன்னால் வந்து நின்றுகொள்ளும், வெங்காயம் பின்வாங்கிவிடும். இரண்டும் நல்ல பண்டம், ஆனால் மழையூரான் தேடுவது முதலாவது.

இன்னொன்று, கொத்துக்கறியில் உப்பை முன்கூட்டியே போட்டுப் பிசையாதீர்கள். உப்புப் பட்டால் கறியில் இருக்கும் மயோசின் என்ற புரதம் கரைந்து ஒன்றோடொன்று பிணைந்து, வெந்தபின் சாசேஜ் மாதிரி துள்ளும். கடிக்கும்போது உதிர்ந்து கொடுக்க வேண்டிய பண்டம் இது. கொத்தனார் உப்பை மேலே தூவச் சொன்னதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். உள்வெப்பம் 71 டிகிரி வரவேண்டும் என்பது கொத்துக்கறிக்குப் பொது விதி. இவ்வளவு மெல்லிய வில்லைக்கு அதைப்பற்றிக் கவலையே வேண்டாம், ஐந்து நிமிட ஆவியில் தாண்டிப்போயிருக்கும்.

தெற்கத்திக்காரன்:
அட்லாண்டாவிலிருந்து வணக்கம். எல்லோரும் ஒயிட் கேஸில் ஒயிட் கேஸில் என்கிறீர்கள், எங்கள் பக்கம் கிரிஸ்டல் என்ற கடைதான் ராஜா. 1932ல் டென்னசி மாநிலம் சட்டனூகாவில் ஆரம்பித்தது, பொருளாதாரப் பெருமந்தத்தின் நட்டநடுவில். இதுவும் சதுரம்தான், ஆவியில் மெத்தென்ற பன்தான், ஆனால் மஞ்சள் கடுகு சாஸ் ஒரு கோடு இழுத்திருப்பான் பாருங்கள், அதுதான் ஆளைத் தூக்கும். வெங்காயம் இனிப்பு, பிக்கிள் புளிப்பு, கடுகு சுருக்கென்று ஏறும். வீட்டில் செய்யும்போது கடுகு சாஸை மேல் பன்னின் உள்பக்கம் தடவுங்கள், கறியில் விட்டால் வெங்காயத் தண்ணீரோடு ஓடிவிடும். விலை உயர்ந்த பிரெஞ்சுக் கடுகெல்லாம் வாங்காதீர்கள், பிழியும் பாட்டிலில் வரும் மலிவான மஞ்சள் சரக்குதான் இதற்குப் பொருத்தம்.

சும்மா_வாசகி:
மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் வீட்டில் என்ன செய்வது? கோழியில் வருமா?

கொலம்பஸ்_கொத்தனார்:
வரும், ஆனால் தொடைக்கறியைக் கொத்தியதாக வாங்குங்கள், நெஞ்சுக்கறி மட்டும் என்றால் வறண்டு போகும். 340 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி உருகிய வெண்ணெய் கலந்து உறையவையுங்கள். கோழிக்கு 74 டிகிரி வரவேண்டும், ஒரு நிமிடம் கூடுதலாக விடுங்கள். கறியே வேண்டாம் என்பவர்களுக்குச் செடிப்புரதக் கொத்தில் இதே முறை அப்படியே வேலை செய்யும். ஒயிட் கேஸிலே 2018லிருந்து இம்பாசிபிள் என்ற செடிப்புரத வகையை விற்கிறான்.

மட்டுறுத்துநர்:
யார் எதைச் சாப்பிடலாம் என்ற விவாதத்துக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே வந்த இரண்டு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். பர்கரைத் தொடருங்கள்.

ஜெர்சி_அக்கா:
நல்லது. எனக்கு ஒரு சந்தேகம். உலர்ந்த வெங்காயச் செதில் என்பது பாக்கெட் சூப்பின் சொந்தக்காரன்தானே? பச்சை வெங்காயம் கிலோ கணக்கில் கிடைக்கும்போது அதை எதற்கு?

கொலம்பஸ்_கொத்தனார்:
நியாயமான கேள்வி அக்கா. ஆரம்பத்தில் அவர்களும் பச்சை வெங்காயம்தான் போட்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத் தட்டுப்பாட்டில் உலர்ந்ததற்கு மாறினார்கள், அப்புறம் திரும்பவில்லை. அந்த உலர்ந்த வெங்காயத்துக்கென்று ஒரு வாசனை இருக்கிறது, லேசாக வறுத்தது மாதிரி, பச்சை வெங்காயத்தின் காரம் இல்லாமல். பழகிய நாக்கு அதைத்தான் கேட்கிறது. பச்சை வெங்காயம் போட்டால் தப்பில்லை, பொடிப்பொடியாக நறுக்கிப் பத்து நிமிடம் தண்ணீரில் முன்னாலேயே வேகவிட வேண்டும், இல்லையென்றால் பன் மெத்தென்று ஆகும் நேரத்தில் வெங்காயம் நறுக்கென்று நிற்கும்.

இன்னொரு விஷயம். உங்கள் உருண்டை அழுத்தும் முறையும் ஒயிட் கேஸில் முறையும் எதிரிகள் இல்லை. கான்சாஸ் மாநிலம் விசிட்டாவில் 1916ல் வால்ட் ஆண்டர்சன் என்ற சமையல்காரர் பழைய டிராம் வண்டி ஒன்றைக் கடையாக்கி விற்றது என்ன தெரியுமா, கறி உருண்டையைக் கல்லில் தட்டையாக அழுத்தி, வெங்காயத்தை அதில் பதித்து, திருப்பிப் போட்டு, பன்னால் மூடியது. விலை 5 சென்ட். அவரோடு பில்லி இங்க்ரம் சேர்ந்து 1921ல் ஒயிட் கேஸில் ஆரம்பித்தபோதும் அதே உருண்டைதான். சதுர வில்லை, உறையவைப்பது, ஓட்டை எல்லாம் வியாபாரம் பெருகப் பெருக வேகத்துக்காக வந்தவை. ஆகவே ஹாக்கென்சாக் கல்லில் நீங்கள் பார்ப்பது ஒயிட் கேஸிலின் இளமைக்காலம். அதை விட்டுவிட்டு நகர்ந்தது கம்பெனிதான், பெயரில் ஒயிட் என்று வைத்துக்கொண்ட சின்னக் கடைகள் பழையதை அப்படியே வைத்துக்கொண்டன.

ஜெர்சி_அக்கா:
அப்படிப் போடு! அப்போது அசல் முறை என்னுடையது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

கான்சாஸ்_கரிசல்:
விசிட்டா பெயர் வந்துவிட்டதால் உள்ளே வருகிறேன். ஒயிட் கேஸில் 1938லேயே விசிட்டாவைக் காலி செய்துகொண்டு போய்விட்டது, பிறந்த ஊரில் இல்லை. ஆனால் இங்கிருந்து வடக்கே சலைனா என்ற ஊரில் கோசி இன் என்று ஒரு கடை, 1922லிருந்து நடக்கிறது. உள்ளே ஆறே ஸ்டூல். சீஸ் கேட்டால் கிடையாது, கிடையவே கிடையாது. கதவைத் திறந்து மூடுவதற்குள் சட்டையில் வெங்காய வாசனை ஏறிவிடும், அன்று முழுக்க போகாது. இந்த வாசனைதான் விளம்பரம்.

தெற்கே ஓக்லஹோமாவில் எல் ரீனோ என்ற ஊரில் இதன் பெரியண்ணன் இருக்கிறான், ஆனியன் பர்கர். 1920களில் கறி விலை கட்டுப்படியாகாமல், கொஞ்சம் கறியில் ஏறக்குறைய அதே அளவு வெங்காயத்தை அழுத்திப் பெரிதாகக் காட்டினார்கள். வெங்காயம் அன்று மலிவு. பஞ்சத்துக்குச் செய்த தந்திரம் இன்று ஊரின் அடையாளம், வருஷா வருஷம் அதற்குத் திருவிழாவே எடுக்கிறார்கள். ஜெர்சி அக்கா செய்வது அதன் குட்டி என்று சொல்லலாம். வீட்டில் செய்பவர்கள் தைரியமாக வெங்காயத்தைக் கூட்டுங்கள். படத்தில் பார்த்து இது ரொம்ப ஜாஸ்தி என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு, வதங்கினால் கால்பங்கு ஆகிவிடும்.

புரசைவாக்கம்:
சென்னையிலிருந்து. இங்கே இந்த உருளைக்கிழங்கு பன்னெல்லாம் எளிதாகக் கிடைக்காது. பேக்கரி பன் சர்க்கரைப் பாகாக இருக்கிறது, மேலே வேறு டூட்டிஃப்ரூட்டி. என்ன செய்யலாம்?

அடுப்படி_அறிவியல்:
பாவ் பன் வாங்குங்கள், பாவ் பாஜிக்கு விற்பது. ஒட்டி ஒட்டி வெந்த பன் என்பதால் பக்கவாட்டில் தோல் கிடையாது, ஆவி நாலு பக்கமும் உள்ளே போகும். இந்த பர்கருக்கு வேண்டியதும் அந்த மாதிரி பன்தான். தனித்தனியாகச் சுட்ட வட்ட பன்னுக்குச் சுற்றிலும் தோல் இருக்கும், அது ஆவியைத் தடுக்கும். பிரியோஷ் போன்ற வெண்ணெய் பன் இதற்குச் சரிப்படாது, ஈரம் பட்டால் கூழாகிவிடும். ஒருநாள் பழைய பாவ் இன்னும் நல்லது. பழைய ரொட்டி விறைப்பதற்குக் காரணம் மாவுச்சத்து இறுகிப்போவதுதான், ஆவிச் சூட்டில் அந்த இறுக்கம் தளர்ந்து மறுபடி மெத்தென்று ஆகும், புது பன் மாதிரி சொதசொதக்காது.

அப்புறம் உலர்ந்த வெங்காயச் செதில் இந்தியாவில் கிடைக்குமா என்று அடுத்த கேள்வி வரும். குஜராத்தில் மகுவா என்ற ஊர் முழுக்க வெங்காயம் உலர்த்தும் ஆலைகள்தான், உலகத்துக்கே ஏற்றுமதி. இணையக் கடைகளில் அரைக் கிலோ பொட்டலமாக வருகிறது. பொடியாக வாங்கிவிடாதீர்கள், செதிலாக இருக்கவேண்டும்.

புரசைவாக்கம்:
நன்றி சார். பாவ் தெருமுனையிலேயே இருக்கிறது. கொத்துக்கறி கடையில் சொன்னால் அடித்துத் தருவார், கொழுப்பு சேர்த்துக் கேட்டால்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

கொலம்பஸ்_கொத்தனார்:
பார்க்கட்டும், நான்கு பங்கு கறிக்கு ஒரு பங்கு கொழுப்பு என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு முறை அரைக்கச் சொல்லுங்கள், வில்லை மெல்லியதாக இருப்பதால் கொரகொரப்பாக அரைத்தால் ஓட்டை குத்தும்போதே பிய்ந்துவிடும்.

மழையூரான்:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை இரண்டு முறையிலும் செய்தேன், ஒரு அடுப்பில் கொத்தனார், இன்னொன்றில் அக்கா. மூடியைத் திறந்ததும் வந்த வாசனைக்கே வீட்டுக்காரி மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். கொத்தனார் முறையில் வந்தது அச்சு அசல் அது, பெட்டி மட்டும்தான் குறை. அக்கா முறையில் வந்தது முதலில் காலியானது, இதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு குறை, கொத்தனார் முறையில் இரண்டாவது ஈடு எடுக்கும்போது அடியில் இருந்த வெங்காயம் பிடித்துக் கசந்துவிட்டது.

கொலம்பஸ்_கொத்தனார்:
முதல் ஈடு எடுத்ததும் ஒட்டியிருக்கும் வெங்காயத்தை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள், அதன்மேலேயே புதியதைப் போடாதீர்கள். ஊறவைத்த வெங்காயத் தண்ணீரை மொத்தமாக முதலிலேயே ஊற்றிவிடாமல் பாதியை எடுத்துவைத்து, இரண்டாவது ஈட்டுக்குக் கல் கொஞ்சம் ஆறியபின் ஊற்றுங்கள். உங்கள் கல் இரும்பு என்றால் முதல் ஈட்டுக்குள் சூட்டை நிறைய வாங்கி வைத்திருக்கும், தீ முதலில் வைத்ததில் பாதி போதும்.

தெற்கத்திக்காரன்:
மிச்சம் இருந்தால் என்ன செய்கிறீர்கள்? எங்கள் வீட்டில் ஃபாயிலில் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது இட்லிச் சட்டியில் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து எட்டு நிமிடம். பிக்கிளை மட்டும் எடுத்துவிட்டு உறையவையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் விட்டு அந்த இடத்தில் பன் ஓட்டையாகிவிடும்.

ஜெர்சி_அக்கா:
எங்கள் வீட்டில் மிச்சம் என்ற பேச்சே இல்லை தம்பி.

சும்மா_வாசகி:
கடைசியாக ஒன்று. ஏர் ஃப்ரையரில் செய்யலாமா?

அடுப்படி_அறிவியல்:
இல்லை. அது உலர்ந்த காற்றை ஊதுகிற பெட்டி, இங்கே வேண்டியது ஈரம். ஒரே வாணலி போதும், வெளியே எடுத்துக்கூட வைக்க வேண்டியதில்லை அந்த இயந்திரத்தை.